பனிவெளியின் மூத்தகுடிகள் (4): எல்லைக்கோட்டுக்கு முந்தைய ஊர்

1889-ஆம் ஆண்டுக் கோடையில் இங்வார் நீல்சன் என்ற வரலாற்றறிஞர் கிறிஸ்தியானியாவிலிருந்து ரோரோஸ் மலைப்பக்கம் போனார். ஒஸ்லோவுக்கு அன்று கிறிஸ்தியானியா என்று பெயர். பல்கலைக்கழகத்தின் இனவியல் அருங்காட்சியகம் அவருடைய பொறுப்பில் இருந்தது. அந்தப் பயணத்தின் பலனாக 1891-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். மலையில் பனிமான் மேய்க்கும் தென் சாமியர் அந்த நிலத்தின் பழைய குடிகள் அல்லர், வடக்கேயிருந்து சிறிது சிறிதாக இறங்கி அண்மைய நூற்றாண்டுகளில்தான் அங்கே வந்து சேர்ந்தார்கள் என்பது அதன் சாரம்.

ஏதோ ஒரு அறிஞரின் கருத்து என்று அதை விட்டுவிட முடியவில்லை. மேய்ச்சல் நிலத் தகராறுகளில் அந்தக் கட்டுரை சான்றாக வந்து நின்றது. விவசாயி முந்தி வந்தவன், சாமி பிந்தி வந்தவன். எனவே விவசாயியின் மலையில் சாமியின் மான் புல் மேய்ந்தால் அது அத்துமீறல். இந்தக் கணக்கில் தென் சாமியக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வழக்குத் தோற்றன, நட்டஈடு கட்டின, சில மலைகளை விட்டே போயின. ஒரு மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்வி, அவர்கள் எங்கே இருக்கலாம் என்ற தீர்ப்பாக மாறியது.

சாமியரைப் பற்றி இரண்டு பேச்சுகள் நெடுங்காலம் நிலைத்திருந்தன. ஒன்று, பிந்தி வந்தவர்கள். மற்றது, ஓரிடத்தில் இராத நாடோடிகள், ஆகவே நிலத்துக்குச் சொந்தம் கொண்டாட முடியாதவர்கள். இரண்டும் பொய். எப்படிப் பொய் என்பதைக் காட்டுவதற்கே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

பனிக்கட்டி பின்வாங்கியதும் பின்மார்க் கரையில் வேடர்கள் குடியேறியதை முந்திய அத்தியாயத்தில் பார்த்தோம். ஆல்டாவுக்குப் பக்கத்துக் கொம்சா மலையில் 1925-இல் ஆண்டர்ஸ் நும்மெடால் கண்டெடுத்த கற்கருவிகள் பத்தாயிரம் ஆண்டுப் பழமையைத் தொடுகின்றன. அந்த வேடர்களை அப்படியே சாமியர் என்று அழைப்பது சரியாகாது. அவ்வளவு பழங்காலத்தில் சாமியரும் இல்லை, நோர்வேஜியரும் இல்லை. ஆனால் அங்கே அன்றிலிருந்து மனிதர் வாழ்வது நின்றதில்லை. அதே ஆல்டாவில் கடலோரப் பாறைகளில் ஆயிரக்கணக்கான உருவங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பெரும்பகுதி 1973-இல் வெளிச்சத்துக்கு வந்தது, 1985-இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஏறத்தாழ ஏழாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி ஐயாயிரம் ஆண்டு அந்தப் பாறைகளில் கை ஓயவில்லை. பனிமான்களை வளைத்து அடைக்கும் வேலி, படகிலிருந்து தூண்டிலில் இழுக்கும் பெரிய மீன், குகையிலிருந்து நீளும் கரடியின் காலடித்தடம் எல்லாம் அங்கே உண்டு.

மொழியின் கதை தனி. சாமிய மொழிகள் பின்னிய மொழிக்கு உறவு, ஹங்கேரிய மொழிக்குத் தூரத்து உறவு. யூராலியக் குடும்பம். அவற்றின் தாய்மொழி இன்றைய தென் பின்லாந்து, கரேலியா ஏரிப் பகுதிகளில் பேசப்பட்டு, கி.பி. முதலாயிரத்தில் வடக்கே பரவியது என்பது மொழியியலாளர்களின் இன்றைய முடிவு. பரவிய இடத்தில் ஏற்கனவே வேறு மொழி பேசிய மக்கள் இருந்தார்கள். அவர்களுடைய மொழி மறைந்துவிட்டது. ஆனால் நிலத்தையும் விலங்குகளையும் குறிக்கும் ஏராளமான சொற்கள், எந்த யூராலிய மொழியிலும் வேர் கிடைக்காதவை, சாமியரின் வாயில் உயிரோடு இருக்கின்றன. வந்த மொழியை ஏற்றுக்கொண்டவர்கள் தங்கள் மலைகளின் அறிவைக் கைவிடவில்லை.

மரபணு ஆய்வும் இதே சிக்கலைத்தான் காட்டுகிறது. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் பல்ஷோய் ஒலெனி தீவு இடுகாட்டில் 3500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்டவர்களின் எலும்புகளை ஆராய்ந்து 2018-இல் முடிவு வெளியிட்டார்கள். சைபீரியப் பக்கத்து மரபு அக்காலத்திலேயே வட ஐரோப்பாவை எட்டியிருந்தது. அதே ஆய்வில், பின்லாந்தின் லெவான்லுஹ்தாவில் இரும்புக்காலத்தில் நீருக்குள் புதைக்கப்பட்டவர்கள் இன்றைய சாமியருக்கு மிக நெருங்கியவர்கள் என்றும் தெரிந்தது. லெவான்லுஹ்தா இன்றைய சாமிய நிலத்துக்கு வெகு தெற்கே இருக்கிறது. தாய்வழி மரபில் வேறொரு கிளை மேற்கு ஐரோப்பா நோக்கிப் போகிறது. கிழக்கும் மேற்கும் வடக்கில் கலந்து உருவான மக்கள் இவர்கள்.

ஆக, சாமியர் எங்கிருந்தோ ஒரு நாள் மூட்டை கட்டிக்கொண்டு வந்து இறங்கியவர்கள் அல்லர். இந்த நிலத்திலேயே சாமியர் ஆனவர்கள். லார்ஸ் ஈவார் ஹான்சனும் பியோர்னார் ஓல்சனும் 2004-இல் எழுதிய சாமியர் வரலாற்று நூல் இதை விரிவாக நிறுவுகிறது. தெற்கே வேளாண்மை செய்தவர்களோடும் கிழக்கே உலோகம் கொண்டுவந்தவர்களோடும் கொண்ட தொடர்பில், கிறிஸ்துவுக்கு முந்தைய கடைசி ஆயிரமாண்டில், வட வேடர்கள் தங்களைத் தனி மக்களாக உணரத் தொடங்கினார்கள் என்பது அவர்கள் வாதம். நோர்வேஜியர் நோர்வேஜியர் ஆனதும் ஒரே நாளில் நடந்த காரியமில்லை. அவர்களுடைய மொழியும் தெற்கிலிருந்து வந்து பரவியதுதான். ஆனால் அவர்களிடம் வந்த தேதியைக் கேட்டு எந்த நீதிமன்றமும் நின்றதில்லை.

நீல்சன் சொன்ன ரோரோஸ் பக்கத்துக்கே வருவோம். அங்கிருந்து எல்லை தாண்டினால் சுவீடனின் பூனெஸ்டாலன் வட்டாரம். அங்கே விவாலன் என்ற இடத்தில் 1913-இல் ஒரு இடுகாட்டைத் தோண்டினார்கள். உடல்கள் பிர்ச் மரப்பட்டையில் சுற்றப்பட்டிருந்தன. அது சாமியரின் அடக்க முறை. காலம் வைக்கிங் யுகத்தின் பிற்பகுதியும் அதையடுத்த ஆண்டுகளும். அதாவது நீல்சன் அவர்களை இறக்கிவிட்ட காலத்துக்கு ஐந்தாறு நூற்றாண்டு முன்பே அந்த மலைகளில் சாமியர் இறந்து, தங்கள் முறைப்படி அடங்கியிருக்கிறார்கள்.

இன்னும் தெற்கே வந்தாலும் தடம் இருக்கிறது. ஒஸ்லோவைச் சூழ்ந்த நிலங்களுக்கு இடைக்காலத்தில் வழங்கிய போர்கார்டிங், எய்ட்சிவாடிங் சட்டங்கள் குறி கேட்கச் சாமியரிடம் போவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கின. எட்டாத தொலைவில் இருப்பவர்களிடம் போகாதே என்று யாரும் சட்டம் எழுதுவதில்லை. நோர்வேயை ஒன்றாக்கியவனாகச் சொல்லப்படும் அழகுமுடி ஹரால்டு, டோவ்ரே மலைப்பக்கத்துச் சாமியப் பெண் ஸ்னோஃப்ரிட்டை மணந்தான் என்று ஸ்னோர்ரி எழுதிய மன்னர் கதைகள் சொல்கின்றன. கதை கதையாகவே இருக்கட்டும். 13-ஆம் நூற்றாண்டில் அதைக் கேட்டவர்களுக்கு, டோவ்ரேயில் சாமியர் இருப்பது வியப்பாகப் படவில்லை.

சாமியச் சமுதாயத்தை உள்ளிருந்து காட்டும் மிகப் பழைய எழுத்து ஏறத்தாழ கி.பி. 890-இல் இங்கிலாந்து மன்னன் ஆல்பிரட்டின் அவையில் பதிவானது. வட நோர்வேயிலிருந்து போன ஒட்டார் என்ற தலைவன் தன் செல்வத்தை அங்கே விவரித்தான். 600 பனிமான்கள் தன்னிடம் உண்டு, அவற்றில் ஆறு காட்டுமான்களை ஈர்த்துப் பிடிக்கப் பழக்கிய மான்கள், சாமியரிடம் அந்த ஆறுக்குத்தான் மதிப்பு அதிகம் என்றான். பிறகு சாமியர் தனக்குக் கட்டும் திறையைச் சொன்னான். அவர்களில் உயர்ந்த நிலையில் இருப்பவர் 15 மரநாய்த் தோல், 5 பனிமான் தோல், ஒரு கரடித்தோல், 10 அளவை இறகு, கரடித்தோலிலோ நீர்நாய்த்தோலிலோ தைத்த ஒரு மேலங்கி, 60 முழ நீளத்தில் இரண்டு கப்பல் கயிறு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். ஒரு கயிறு வால்ரஸ் தோலில், மற்றது சீல் தோலில் திரித்தது.

இந்தப் பட்டியலில் நான் வெகுநேரம் நின்றேன். காடு, மலை, கடல் மூன்றிலும் கைவைத்த மக்கள் இவர்கள். வைக்கிங் கப்பல்களின் பாய்மரத்தைத் தாங்கியவற்றில் சாமியர் திரித்த கயிறும் உண்டு. அவரவர் நிலைக்கு ஏற்ப வரி என்கிறான் ஒட்டார். அப்படியானால் அவர்களுக்குள் ஏற்றத்தாழ்வும் இருந்தது, யாரிடம் எவ்வளவு என்ற கணக்கும் இருந்தது.

அந்தக் கணக்கு வைத்திருந்த அமைப்புக்குப் பெயர் சீடா. பல குடும்பங்கள் சேர்ந்த ஒரு கூட்டம், அந்தக் கூட்டத்துக்கு உரிய நிலமும் நீரும், அதை ஆளும் வழக்கம் மூன்றும் சேர்ந்தது அது. ஒரு சீடாவின் எல்லை எந்த ஓடையில் தொடங்கி எந்த மலைமுகட்டில் முடிகிறது என்பது அக்கம்பக்கத்துச் சீடாக்களுக்கும் தெரியும். எல்லைக்குள் அனுமதியின்றி வேட்டையாடினால் தகராறு, பேச்சு, தீர்வு எல்லாம் உண்டு.

கிழக்குக் கோடியில் வாழ்ந்த ஸ்கோல்ட் சாமியரிடம் இந்த அமைப்பு 20-ஆம் நூற்றாண்டு வரை ஏறக்குறைய முழுதாக நீடித்ததால், அது இயங்கிய விதம் நமக்குத் தெரிகிறது. சூவன்யெல் என்ற சீடாவை எடுத்துக்கொள்வோம். கடுங்குளிரில் எல்லாக் குடும்பங்களும் குளிர்கால ஊரில் ஒன்றாக இருக்கும். வசந்தம் வந்ததும் பிரிந்து, ஒவ்வொரு குடும்பமும் தன் ஏரிக்கும் தன் ஆற்றுக்கும் போகும். கோடைக்கு ஓரிடம், இலையுதிர் காலத்துக்கு வேறோர் இடம். ஆண்டுதோறும் அதே இடங்கள், தந்தையும் பாட்டனும் வலை போட்ட அதே துறைகள். விறகும் பாசியும் தீர்ந்துபோனால் குளிர்கால ஊரையே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறிடத்துக்கு மாற்றுவார்கள். இதைத் திரிதல் என்று சொல்வது, நாற்று நடும் மாதத்தில் வயலுக்கும் அறுத்த பின் களத்துக்கும் போகிறவனை நாடோடி என்று சொல்வதற்குச் சமம்.

குளிர்கால ஊரில் குடும்பத் தலைவர்கள் அவை கூடுவார்கள். மீன்பிடி நீர்நிலைகளை யாருக்கு எது என்று பிரிப்பது, குடும்பம் பெருத்தவனுக்குக் கூடுதலாகக் கொடுப்பது, மன்னனுக்குக் கட்ட வேண்டிய வரியைப் பங்கிடுவது, களவையும் சண்டையையும் விசாரிப்பது எல்லாம் அங்கே நடக்கும். நீர்நிலை குடும்பத்துக்கு, பீவர் வேட்டை ஊருக்குப் பொது. கணவனை இழந்தவளும் முதியவரும் பங்கிலிருந்து விடுபடமாட்டார்கள். தலைவன் என்று ஒருவன் இருந்தான். ஆனால் அவன் கட்டளை இடுபவன் அல்லன், அவையின் முடிவை நடத்திவைப்பவன்.

சூவன்யெல் மக்கள் தங்கள் உரிமையை எழுத்திலும் காத்தார்கள். ரஷ்யப் பேரரசர்கள் அவர்களுடைய நிலத்தையும் நீரையும் ஏற்று வழங்கிய ஆவணங்கள், 1601 முதல் 1775 வரையிலானவை, நீண்ட சுருளாக அவர்கள் கையிலேயே தலைமுறைகள் கடந்து வந்தன. ஊர் இடம் மாறினாலும் ஆவணம் தொலையவில்லை. 2015-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது. நிலத்தின் மீது உரிமை உணர்வு இல்லாத மக்கள் என்று இனி யாராவது சொன்னால் அந்தச் சுருளைக் காட்டலாம்.

மன்னர்களின் பார்வையில் சீடா வரி தரும் அலகு. 1326-இல் நோர்வேயும் ரஷ்யாவின் நொவ்கொரோடும் ஓர் உடன்படிக்கை செய்தபோது நிலத்தை வெட்டிப் பிரிக்கவில்லை. சாமியரிடம் இருவரும் வரி வாங்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு சுவீடனும் சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டில் பின்மார்க்கின் உள்நாட்டுச் சாமியர் மூன்று அரசுகளுக்கு வரி கட்டினார்கள். உலர்மீனும் தோலும் மூன்று திசையில் போயின.

உறவுமுறையைப் பற்றி எழுதும்போது தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஒன்றைச் சொல்ல வேண்டும். வட சாமி மொழியில் அப்பாவின் அண்ணனுக்கு ஒரு சொல், தம்பிக்கு வேறு சொல். அம்மாவின் அக்கா கொஸ்கி, அம்மாவின் தங்கை முவத்தா. அப்பாவின் சகோதரி சியெஸ்ஸா, அம்மாவின் சகோதரன் எயனு. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி, அத்தை, மாமா என்று நாம் பிரிப்பதுபோலவே ஆறும் தனித்தனி. நோர்வேஜிய மொழியில் இவை எல்லாம் ஒங்கல், தந்தே என்ற இரண்டுக்குள் அடங்கிவிடும். ஒஸ்லோவில் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாட்டை விளக்கிச் சலித்த பெற்றோர்கள், இதே நாட்டின் மூத்தகுடியிடம் அது இயல்பாக இருக்கிறது என்று அறிந்தால் மகிழ்வார்கள்.

இந்த வேறுபாடு வெறும் மரியாதைக்கு அல்ல. சாமியரின் உறவு தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் சமமாக ஓடியது. மணமானவர்கள் கணவனின் சீடாவில் சேரலாம், மனைவியின் சீடாவிலும் சேரலாம். எங்கே மேய்ச்சல் இருக்கிறது, எங்கே ஆள் குறைவு, எந்த அண்ணன் தம்பியோடு ஒத்துப்போகும் என்று பார்த்து முடிவெடுப்பார்கள். அமெரிக்க மானிடவியலாளர் ரொபர்ட் பேர்சன் சுவீடனின் வடகோடிச் சாமியரிடையே வாழ்ந்து எழுதிய, 1957-இல் வெளிவந்த ஆய்வு, உடன்பிறந்தவர்களின் கூட்டே சீடாவின் முதுகெலும்பு என்று காட்டியது. மந்தை பெருத்தால் சீடா பிரியும், குறைந்தால் சேரும். உறவு விரிவாக இருந்ததால்தான் இந்த நெகிழ்வு சாத்தியமானது.

பனிமான் மந்தையே சாமியரின் ஆதி வாழ்வு என்று பலர் நினைக்கிறார்கள். நெடுங்காலம் அது வேட்டை வாழ்வு. வரங்கர் பகுதியில் கொல்லவார்ரி என்ற மலைச்சரிவில் மான்களை வீழ்த்தத் தோண்டிய குழிகள் 2,500-க்கும் மேல் வரிசை வரிசையாக இன்றும் தெரிகின்றன. அத்தனை குழியை ஒரு குடும்பம் தோண்டியிருக்க முடியாது. ஊர் திரண்டு, வேலையைப் பங்கிட்டு, கிடைத்த இறைச்சியையும் பங்கிட்டிருக்க வேண்டும். வணிகமும் வரியும் தோலைக் கேட்டுக்கொண்டே இருந்ததில் காட்டுமான் குறைந்தது. 16, 17-ஆம் நூற்றாண்டுகளில்தான் பல இடங்களில் மக்கள் பெரிய மந்தைகளின் பின்னால் நடக்கத் தொடங்கினார்கள்.

மந்தை சேர்ந்தே மேயும், ஆனால் ஒவ்வொரு மானுக்கும் உடையவர் உண்டு. கன்றின் இரு காதுகளிலும் கத்தியால் இடும் வெட்டுகளே அடையாளம். நுனியில் ஒரு சாய்வு, ஓரத்தில் ஒரு பிளவு, உள்ளே ஒரு கொத்து என்று வெட்டுகளின் சேர்க்கை ஒவ்வொருவருக்கும் வேறு. பழகிய கண்ணுக்கு ஓடும் மந்தையிலேயே காதைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியும். பிறந்த குழந்தைக்கும் தனிக் குறி வழங்குவார்கள். ஞானஸ்நானத்துக்கு மான் கொடுப்பார்கள். முதல் பல்லை முதலில் கண்டவரும் ஒரு பெண்மான் கொடுப்பது வழக்கம். அந்த மானும் அதன் கன்றுகளும் பிள்ளையோடு சேர்ந்து வளரும். பெண் மணமாகிப் போகும்போது தன் மான்களைத் தன் குறியோடு கொண்டுபோவாள், அவை அவளுடையவையாகவே இருக்கும். ஐரோப்பாவின் பல நாடுகளில் மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை இல்லாத காலத்திலேயே இது நடந்தது. பிற்காலத்தில் அரசுச் சட்டங்கள் வந்து மந்தையைக் கணவனின் பெயரில் எழுதியபோது சாமியப் பெண்கள் இழந்தது பெரிது.

கூடாரத்துக்குள்ளும் ஓர் ஒழுங்கு இருந்தது. நடுவில் அடுப்பு. வாசலுக்கு நேர் எதிரே அடுப்புக்குப் பின்னால் உள்ள பகுதி புவாஷ்ஷு. சமையல் பாத்திரமும் உணவும் அங்கே இருக்கும். அதுவே புனித இடமும்கூட. மேளம் அங்கேதான் வைக்கப்படும். இரு பக்கமும் பிர்ச் கிளைகளைப் பரப்பி, மேலே மான்தோல் விரித்து, யார் எங்கே இருப்பது என்று வகுத்திருந்தார்கள். பெண் தெய்வங்களும் அந்த வீட்டுக்குள்ளேயே குடியிருந்தன. மாத்தராஹ்கா தாய்த்தெய்வம். அவளுடைய மகள் சாராஹ்கா அடுப்படியில் இருந்து கருவையும் பிரசவத்தையும் காப்பவள். உக்சாஹ்கா வாசலில் காவல். யுக்சாஹ்கா வில்லேந்தியவள், ஆண்பிள்ளையைத் தருபவள். பிள்ளை பெற்றவள் முதலில் சாராஹ்காவின் கஞ்சியைக் குடிப்பாள்.

கரடியைக் கொன்றால் அதற்குப் பெருஞ்சடங்கு. வேடர்கள் திரும்பும்போது பெண்கள் பித்தளை வளையத்தின் வழியாக அவர்களைப் பார்த்து, ஆல்டர் பட்டையை மென்ற செஞ்சாற்றை அவர்கள்மேல் உமிழ்வார்கள். விருந்து முடிந்ததும் கரடியின் எலும்பு ஒன்றுகூட உடையாமல், எடுத்த ஒழுங்கிலேயே புதைப்பார்கள். கரடிப் புதைகுழிகள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன.

சீடாவுக்கும் ஆவியுலகுக்கும் இடையே நின்றவர் நுவாய்டி. மரச்சட்டத்தில் மான்தோலை இழுத்துக் கட்டி, ஆல்டர் பட்டைச் சாற்றால் செந்நிற உருவங்களை வரைந்த மேளம் அவரிடம் இருந்தது. கொம்புச் சுத்தியலால் தட்டும்போது தோல்மேல் வைத்த வளையம் நகர்ந்து உருவங்களுக்கிடையே போகும். அந்தப் போக்கைப் படித்து, நோய்க்கும் வேட்டைக்கும் பயணத்துக்கும் விடை சொல்வார்.

1691-இல் ஆண்டர்ஸ் பவுல்சன் என்ற முதிய நுவாய்டியின் மேளம் பறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வாட்சோ நீதிமன்றத்தில் அவரை நிறுத்தினார்கள். உருவம் உருவமாகச் சுட்டி, இது என்ன, அது என்ன என்று அவர் விளக்கியதை நீதிமன்ற எழுத்தர் பதிந்துகொண்டார். ஒரு மேளத்தை அதன் உடையவரே வாசித்துக் காட்டிய அரிய ஆவணம் அது. தீர்ப்புக்கு முன்பே, காவலில் உறங்கியபோது, சித்தம் கலங்கிய ஒருவன் கோடரியால் அவரைக் கொன்றுவிட்டான். மேளம் கோப்பன்ஹேகன் போனது. 1716-இலிருந்து மிஷனரி தோமஸ் பான் வெஸ்டன் திரட்டி அனுப்பிய மேளங்களில் பெரும்பாலானவை 1728-இல் அந்நகரைச் சுட்ட தீயில் எரிந்தன. பவுல்சனின் மேளம் தப்பியது. 1979 முதல் இரவலாகக் காரஷோக் அருங்காட்சியகத்தில் இருந்து, 2022-இல் முற்றாகச் சாமியருக்கே சொந்தமானது.

ஒஸ்லோவிலும் இப்படி ஒரு கணக்கு இருந்தது. நீல்சன் பொறுப்பிலிருந்த அந்த இனவியல் அருங்காட்சியகத்தின் சாமியச் சேகரிப்பு 1951-இல் பிக்டோய் தீபகற்பத்தில் உள்ள நாட்டார் அருங்காட்சியகத்துக்கு மாறியது. நகரத்துக்கு வரும் உறவினரைப் பலரும் அழைத்துப்போகும் இடம்தான். 2012-இல் கையெழுத்தான உடன்பாட்டின்படி, அந்தச் சேகரிப்பில் ஏறத்தாழப் பாதி, தொட்டிலும் கத்தியும் கொம்புக் கரண்டியும் உட்பட, 2019 முதல் ஆறு சாமிய அருங்காட்சியகங்களுக்குத் திரும்பியது.

இனி, பலர் அறியாத ஒரு செய்தி. நோர்வேச் சாமியரில் பெரும்பான்மையினர் மந்தை மேய்த்தவர்கள் அல்லர். அவர்கள் கடற்சாமியர். கடலிடுக்கின் உட்கரையில் சில ஆடு, ஒரு மாடு, ஒரு படகு, கோடையில் கொட் மீன், ரஷ்ய வணிகரிடம் மீனுக்கு மாவு வாங்குவது என்று வாழ்ந்தவர்கள். இன்றும் மான் மேய்ப்பில் இருப்பவர்கள் சாமியரில் பத்தில் ஒருவர் அளவுதான். கடற்சாமியரிடம் நோர்வேஜியமாக்கல் கொள்கை மிகக் கொடுமையாக வேலை செய்தது. பலர் மொழியை மட்டுமல்ல, தாங்கள் யார் என்பதையே பிள்ளைகளிடம் மறைத்தார்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த நம்மவர்கள், பக்கத்து மேசையில் நின்று மீன் வெட்டியவர் சாமியர் என்று அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு. அவரும் சொல்லியிருக்கமாட்டார். ஆனால் கடற்சாமியரின் பழைய பொது உரிமை அழியவில்லை. கோபியோர்ட் நகராட்சியின் மண்டாலன் பள்ளத்தாக்கு மக்கள் காலங்காலமாக ஊர்ப்பொதுவாக ஆண்டு வந்த நிலம் அவர்களுடையதே என்று நோர்வே உச்ச நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செல்பு வழக்கில், தென் சாமியரின் மேய்ச்சல் உரிமையையும் முழு அமர்வு ஏற்றது. நிலையான கட்டடமும் வேலியும் இல்லை என்பதற்காக உரிமை இல்லை என்று சொல்லக்கூடாது, மான் மேய்ப்பு நிலத்தைப் பயன்படுத்தும் விதமே வேறு என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். நீல்சனின் கட்டுரைக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே 110 ஆண்டுகள்.

அந்த உண்மையை அரசு முன்பே அறிந்திருந்தது என்பதுதான் மனத்தை வருத்துகிறது. 1742 முதல் 1745 வரை மேஜர் பீட்டர் ஷ்னிட்லர் என்ற அதிகாரி நோர்வே–சுவீடன் எல்லையை வகுப்பதற்காகத் தெற்கிலிருந்து வடகோடிவரை பயணம் செய்து, சாமியரிடம் சத்தியம் வாங்கி விசாரித்தார். எந்த மலை எந்த ஏரிக்கு மேற்கே, எந்த ஓடை எந்தப் பக்கம் பாய்கிறது, யார் எங்கே இலையுதிர் காலத்தில் இருப்பார்கள், யாருடைய மான் எங்கே கன்று ஈனும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினார். பக்கம் பக்கமாக அந்தச் சாட்சியங்கள் இருக்கின்றன. இரண்டு அரசுகளும் தங்கள் எல்லையைத் தெரிந்துகொண்டதில் சாமியரின் வாய்மொழிக்குப் பெரும்பங்கு உண்டு.

1751 அக்டோபரில் ஸ்டிரோம்ஸ்டாட்டில் எல்லை உடன்படிக்கை கையெழுத்தானபோது அதனுடன் 30 பிரிவுகள் கொண்ட ஒரு இணைப்பும் சேர்ந்தது. சாமியர் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் தங்கள் மான்களோடு எல்லையைக் கடந்து, பழைய வழக்கப்படி மறுபக்கத்து நிலத்தையும் நீரையும் பயன்படுத்தலாம். இரு நாடுகளும் போரிட்டாலும் அவர்களைத் தொடக்கூடாது. இனி இரு அரசுக்கும் வரி கட்ட வேண்டியதில்லை, ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். எல்லை கடந்து வந்த இடத்தில் அவர்களுக்குள் எழும் வழக்குகளைச் சாமிய அதிகாரியும் இரண்டு சாமிய நடுவர்களும் தீர்க்கலாம். சாமிய மக்களைக் காப்பதே நோக்கம் என்று அந்த இணைப்பே சொல்கிறது. சாமியர் பலர் அதைத் தங்கள் உரிமைச் சாசனமாகவே கருதுகிறார்கள்.

கிழக்கில் அந்த அளவு இரக்கமும் இல்லை. 1826-இல் நோர்வேயும் ரஷ்யாவும் எல்லை வகுத்தபோது பஸ்விக் சீடா இரண்டாகப் பிளந்தது. நைடென் சீடா நோர்வே பக்கம் வந்தது, அதன் உறவுகளும் அவர்கள் தொழுத ஓர்தொடொக்ஸ் திருச்சபையும் எல்லைக்கு அப்பால் நின்றன. 1852-இல் பின்லாந்து எல்லை மான்களுக்கு முற்றாக மூடப்பட்டது. குளிர்காலப் பாசி எல்லைக்கு அந்தப் பக்கம், கோடைக்காலக் கடற்கரை இந்தப் பக்கம். கௌடோகைனோ வட்டாரத்தின் குடும்பங்களுக்கு அது பேரிடி. அதே ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் அங்கே நடந்ததையும், தலை வெட்டிக் கொல்லப்பட்ட இருவரின் தலைகள் ஏன் ஒஸ்லோவுக்கு வந்தன என்பதையும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.

(தொடரும்)